கொடைக்கானலின் 60 ஆண்டு வேலைப் பழக்கத்தை மாற்றிய வைணு பாப்பு: எதை விட்டார், எதை விடவில்லை?

ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்த முதல் வாரம் எப்படி இருக்கும்னு பலருக்கும் தெரிந்திருக்கும். பயிற்சி வகுப்பு நடக்கும். கையேடு கொடுப்பாங்க. எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வருவோம். சீட்டில் வந்து உட்கார்ந்ததும் கை என்னவோ பழைய நோட்டைத்தான் தேடும். புதுசைக் கற்றுக்கொள்வது ஒரு வேலை என்றால், பழகிய பழசை விடுவது அதைவிடப் பெரிய வேலை.

சரி, இதுக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம்?

பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானல் ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1960-ல் 32 வயது இளைஞர் ஒருவர் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்போது அந்த ஆய்வகத்துக்கு அவரைப் போல இரண்டு மடங்கு வயது. அடுத்த 15 ஆண்டுகளில் அங்கே வேலை செய்யும் முறை, நேரம், இடம், நிர்வாகம் எல்லாமே மாறின. ஆனால் ஒரே ஒரு பழைய வழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. அது ஏன் தொடர்ந்தது என்பதில்தான் இன்றைக்கும் நமக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது.

அந்த இளைஞர்தான் வைணு பாப்பு. இந்திய வானியலில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அதை எப்படிச் செய்தார், விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வைணு பாப்பு?

1927 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் கேரளத்தின் தலச்சேரி. அப்பா ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அதனால் மற்ற பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிய வயதில், டெலஸ்கோப்பைப் பக்கத்தில் பார்த்தே வளரும் வாய்ப்பு பாப்புவுக்குக் கிடைத்தது. கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் மாறும் விண்மீன்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

1949-ல் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போன சில மாதங்களிலேயே, வானத்தைப் படம் எடுத்த ஒரு தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பார்ட் போக், கார்டன் நியூகிர்க் ஆகியோருடன் சேர்த்து இவர் பெயரும் அந்த வால்நட்சத்திரத்துக்கு வைக்கப்பட்டது.

1952-ல் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். பிறகு கலிஃபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் பணி. அங்கே ஓலின் வில்சன் என்ற வானியலாளருடன் சேர்ந்து செய்த வேலை, 1957-ல் வெளிவந்தது. ஒரு வகை விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அதில் கால்சியம் தனிமத்துக்கு உரிய ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் நடுவில் பளிச்சென்று தெரியும் பகுதி எவ்வளவு அகலமோ, அதை வைத்து அந்த விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று சொல்லிவிடலாம். அது தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் கணக்கிடலாம். உலகம் முழுக்க இன்றும் இதற்குப் பெயர் வில்சன்-பாப்பு விளைவு.

இவ்வளவு பெயர் வாங்கியவர் அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 1953-ல் நாடு திரும்பிவிட்டார். உத்தரப் பிரதேச அரசு 1954-ல் வாரணாசியில் தொடங்கிய ஆய்வகத்தில் பொறுப்பேற்று, அதற்குப் பொருத்தமான இடமாக நைனிதாலைத் தேர்ந்தெடுத்தார். 1955-ல் ஆய்வகம் அங்கே போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நைனிதாலில் எல்லாமே புதுசு. இடம் புதுசு, கருவி புதுசு, வழக்கமும் புதுசு. அங்கே யாரும் எதையும் மறக்க வேண்டிய தேவை இல்லை. கொடைக்கானல் அப்படி இல்லை.

1960-ல் கொடைக்கானலில் என்ன வேலை நடந்தது?

கொடைக்கானல் ஆய்வகத்தின் பூர்விகம் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1792-ல் உருவான மெட்ராஸ் வானாய்வகம் அது. அங்கே ஒரு நூற்றாண்டு காலம் நடந்த முக்கிய வேலை, இரவில் விண்மீன்களின் இடத்தை அளந்து பட்டியல் போடுவது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சத்தை நம் பாட்டன், பூட்டன் காலத்து ஆட்கள் தாது வருஷப் பஞ்சம் என்றே சொல்வார்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. சூரியனை ஆராய ஒரு மலை உச்சி வேண்டும் என்ற யோசனைக்கு அதுவும் ஒரு காரணம். கொடைக்கானல் தேர்வானது. அரசு வானியலாளராக இருந்த மிச்சி ஸ்மித் தலைமையில் 1899-ல் ஆய்வகம் மலையேறியது. இரவு வேலை பகல் வேலையானது. நிர்வாகம் இந்திய வானிலைத் துறையின் கீழ் போனது.

ஆக, பாப்பு வருவதற்கு 61 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆய்வகம் ஒருமுறை தன் பழைய வேலையை விட்டுப் புது வேலைக்கு மாறியிருந்தது.

புது வேலை என்ன? வானம் தெளிவாக இருக்கும் ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் எடுப்பது. 1904-ல் தொடங்கிய வழக்கம் இது. தரை சூடேறிக் காற்று அலையாடத் தொடங்கும் முன், காலையிலேயே படம் எடுத்துவிட வேண்டும். கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, டார்க் ரூமில் கழுவி, தேதியும் நேரமும் குறித்து, பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். கால்சியம் ஒளியில் எடுக்கும் படமும் ஆரம்ப ஆண்டுகளிலேயே தொடங்கியது. 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் படம் எடுத்தார்கள். இது தவிர வானிலை, நிலநடுக்கம், காந்தப்புலம் பற்றிய பதிவுகளும் உண்டு.

இந்த மலையில் பெரிய கண்டுபிடிப்பும் நடந்திருக்கிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியக் கரும்புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று பாடப் புத்தகத்தில் இருப்பது அதுதான்.

அப்புறம் என்ன பிரச்னை?

வேலை ஒழுங்காக நடந்தது. பிரச்னையே அதுதான்.

ஒரு நிறுவனம் மோசமாக இயங்கினால் மாற்றம் வேண்டும் என்று சொல்வது சுலபம். எல்லாரும் ஒத்துக்குவாங்க. ஆனால் நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைப் பிசகாமல் செய்து, பதிவேட்டையும் சரியாக எழுதி வைக்கும் ஓர் இடத்தில், மாறணும் என்று சொன்னால், எதுக்கு என்றுதான் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கு.

ஆனால் 1909-க்கும் 1960-க்கும் இடையே உலக வானியல் எங்கேயோ போய்விட்டது. பாப்பு வேலை செய்துவிட்டு வந்த பாலோமரில் ஐந்து மீட்டர் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் இருந்தது. இந்தியாவில் விண்மீன்களை ஆராயச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய டெலஸ்கோப்கூட இல்லை. நாட்டில் வானியலை வளர்க்க என்ன செய்யலாம் என்று மேகநாத் சாகா தலைமையிலான குழு 1945-லேயே பரிந்துரை கொடுத்திருந்தது. ஆண்டுகள் ஓடியும் அது முழுசாக நிறைவேறவில்லை.

பாப்பு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. ஒன்று, இருப்பதை அப்படியே நடத்திக்கொண்டு போவது. இன்னொன்று, பழசு எல்லாம் வேஸ்ட் என்று மூட்டை கட்டிவிட்டு, வேறு ஊரில் புதுசாகத் தொடங்குவது. அவர் இரண்டையும் எடுக்கவில்லை.

முதல் மாற்றம்: பதிவு செய்வதிலிருந்து கேள்வி கேட்பதற்கு

பாப்பு வரும் நேரத்தில் கொடைக்கானலுக்கு ஒரு பெரிய சூரிய டெலஸ்கோப் வந்துகொண்டிருந்தது. அவருக்கு முன் இயக்குநராக இருந்த ஏ.கே. தாஸ் காலத்தில், இங்கிலாந்தின் கிரப் பார்சன்ஸ் நிறுவனத்திடம் சொல்லிச் செய்தது. பாப்பு அதை நிறுவி இயங்க வைத்தார். சுரங்க டெலஸ்கோப் என்று சொல்வார்கள். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் கண்ணாடி. அது சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்பும். அந்த ஒளி 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் போய், நிறம் நிறமாகப் பிரிந்து விழும்.

புதுக் கருவி வந்தால் மட்டும் வேலை மாறிவிடாது. அதையும் பழைய வேலைக்கே பயன்படுத்திக்கொள்ளலாம். நம்ம ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்த கதை தெரியும்தானே.

இங்கே வேலை எப்படி மாறியது என்பதற்கு ஓர் உதாரணம். கொடைக்கானலில் 1904 முதலே சூரியனைக் கால்சியம் ஒளியில் படம் எடுக்கிறார்கள் என்று பார்த்தோம். வில்சன்-பாப்பு விளைவும் அதே கால்சியம் கோட்டைப் பற்றியதுதான். தொலைதூர விண்மீன்களில் அந்தக் கோட்டின் அகலம் ஏன் இப்படி மாறுகிறது? விண்மீன் வெறும் புள்ளியாகத்தான் தெரியும், அதன் மேற்பரப்பைக் கிட்டப்போய்ப் பார்க்க முடியாது. ஆனால் சூரியனும் ஒரு விண்மீன்தானே? அதன் முகத்தில் எந்தப் பகுதி இதற்குக் காரணம் என்று தேடலாமே?

கே.ஆர். சிவராமனுடன் சேர்ந்து பாப்பு இந்தக் கேள்வியைத் துருவினார். சூரியன் மேல் தெரியும் மிகச் சிறிய ஒளிப் புள்ளிகளே இதற்குப் பொறுப்பு என்ற விளக்கத்தை 1971-ல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகளாகப் படம் எடுத்துப் பெட்டியில் வைத்த அதே ஒளி, இப்போது ஒரு கேள்விக்குப் பதிலானது. செய்யும் வேலை எதற்கு என்பது புதிதாக இருந்தது. அந்த ஒளி பழசுதான்.

இரண்டாவது மாற்றம்: வாங்குவதிலிருந்து செய்வதற்கு

அன்றைக்கு இந்திய ஆய்வகங்களில் இருந்த பழக்கம், கருவியை வெளிநாட்டில் சொல்லி வாங்குவது. அது வரும்வரை காத்திருப்பது. பழுதானால் உதிரிப் பாகத்துக்கு மறுபடி காத்திருப்பது. அந்நியச் செலாவணி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது.

இந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கணும் என்பது பாப்புவின் முடிவு. இயந்திரப் பட்டறை, எலக்ட்ரானிக்ஸ், கண்ணாடி தேய்த்து மெருகேற்றும் ஆப்டிக்ஸ் என்று ஆய்வகத்துக்குள்ளேயே கருவி செய்யும் திறமையை வளர்த்தார். கொடைக்கானல் பட்டறையில் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் ஒன்று உருவானது.

38 சென்டிமீட்டர் என்பது உலகக் கணக்கில் சின்னதுதான். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரேயடியாகப் பெரிய டெலஸ்கோப்பைச் செய்யச் சொல்லியிருந்தால், முடியாது என்ற பழைய நம்பிக்கை இன்னும் கெட்டியாகியிருக்கும். செய்து முடிக்கக்கூடிய அளவில் ஒன்றைச் செய்து, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், வெளிநாட்டுக்காரன் செய்தால்தான் உருப்படும் என்ற நினைப்பு போகும். பேச்சால் போகாது.

மூன்றாவது மாற்றம்: பகலிலிருந்து இரவுக்கு

கொடைக்கானலின் காலை, சூரியனைப் பார்க்க நல்லது. ஆனால் இரவில் விண்மீன்களைப் பார்க்க அந்த மலை தோதுப்படாது. சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த அந்த மேகமும் மூடுபனியும்தான் வானியலாளருக்கு எதிரி.

அதனால் 1960-களில் பாப்பு தென்னிந்தியாவில் வேறு இடம் தேடினார். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கத்தில் உள்ள காவலூர் தேர்வானது. சந்தன மரங்கள் வளரும் காடு. உயரம் 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் ஊர் வெளிச்சத்திலிருந்து ஒதுங்கியது. இன்னொரு வசதியும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியில் இது இருக்கிறது. அந்த இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் பகலாக இருக்கும் நேரத்தில் நடப்பதை இங்கிருந்து பிடிக்கலாம். கொடைக்கானலில் செய்த 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் 1968-ல் காவலூரில் வேலையைத் தொடங்கியது.

வேலை பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சூரியனிடம் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. அங்கே கவலை எல்லாம் அதிக ஒளியை எப்படிக் குறைப்பது என்பதுதான். கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எடுத்துவிடலாம். விண்மீன் அப்படியே தலைகீழ். சொட்டுச் சொட்டாக வரும் ஒளியைச் சேமிக்கணும். ஒரே விண்மீனைக் குறுக்குக் கம்பியிலிருந்து விலகாமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு, குளிரில் கண் விழித்து நிற்கணும். ஒரே தொழில், ஒரே அலுவலகம், ஆனால் கைக்கும் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் வேறு பழக்கம்.

பாப்புவுக்கு இதில் ஒரு பலம் இருந்தது. தன்னால் செய்ய முடியாததை அவர் யாரையும் செய்யச் சொல்லவில்லை. டெலஸ்கோப் பக்கத்தில் இரவு முழுக்க நிற்பது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றறிக்கை அனுப்பும் ஆளாக அவர் இல்லை.

பலன் சீக்கிரமே வந்தது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் டெலஸ்கோப் காவலூருக்கு வந்தது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோளான கேனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அதைச் சுற்றி மெல்லிய வாயு மண்டலம் இருப்பதற்கான அறிகுறியைக் காவலூர் பதிவு செய்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்தது அன்றைய பதிவுகளால்தான். அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் டெலஸ்கோப் வைத்துப் பார்த்தது. காவலூர் தரையிலிருந்தே அதன் தடயத்தைப் பிடித்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை பெரும்பாலும் பகலில் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் இரவு வேலை இது.

நான்காவது மாற்றம்: துறையிலிருந்து தனி நிறுவனத்துக்கு

1899 முதல் ஆய்வகம் வானிலைத் துறையின் ஒரு பகுதி. ஒரு பெரிய அரசுத் துறையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அலுவலகத்துக்கு என்ன கஷ்டம் என்று அரசு ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள். மழை, புயல் என்று துறைக்கு ஆயிரம் அவசரம். விண்மீன் எப்போதும் கடைசி வரிசைதான்.

1971 ஏப்ரல் 1-ம் தேதி இது மாறியது. கொடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது. பாப்பு அதன் முதல் இயக்குநர். 1975-ல் தலைமையகம் பெங்களூருக்குப் போனது. கொடைக்கானலும் காவலூரும் அதன் களங்களாக ஆயின.

வரிசையைக் கவனிச்சீங்களா? பெயர்ப் பலகை மாறியது 1971-ல். வேலை மாறத் தொடங்கியது அதற்கு 11 ஆண்டுகள் முன்பே. பல நிறுவனங்களில் இது தலைகீழாக நடக்கும். முதலில் புதுப் பெயர், புது லோகோ, புதுப் பதவிகள். வேலை மட்டும் பழைய மாதிரியே ஓடும். பாப்பு பட்டறையையும் டெலஸ்கோப்பையும் முதலில் கொடுத்தார். அமைப்பு அதற்குப் பிறகு வந்தது.

சரி, விடாத ஒன்று எது?

தினமும் சூரியனைப் படம் எடுப்பது.

புதுசாக ஒரு தலைவர் வந்தால், முதலில் கைவைப்பது இது மாதிரி வேலையில்தான். தினமும் ஒரே படம், ஒரே பதிவு, இதில் என்ன புதுமை என்று நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் சூரியக் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சுற்றுக்கே சுமார் 11 ஆண்டுகள் ஆகும். பத்துச் சுற்று பார்க்க ஒரு நூற்றாண்டு வேண்டும். நடுவில் சில ஆண்டுகள் நிறுத்தினால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த ஆண்டுகளின் சூரியனைத் திரும்பப் படம் எடுக்க முடியாது. முறையை அடிக்கடி மாற்றினாலும் ஆபத்துதான். 1920-ன் படத்தையும் 1970-ன் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாமல் போய்விடும்.

அதாவது, இந்த ஒரு வேலையில் மாறாமல் இருப்பதுதான் அதன் மதிப்பே. அதனால் மற்ற எல்லாம் மாறிய பிறகும் காலைப் படம் தொடர்ந்தது.

அன்லேர்னிங் என்று நிர்வாகப் படிப்பில் சொல்வதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். பழசு என்பதாலேயே ஒன்றை விடுவது அல்ல அது. நாம் செய்யும் ஒவ்வொரு வழக்கமும் எதற்காகத் தொடங்கியது, அந்தக் காரணம் இன்னும் இருக்கா என்று பார்ப்பது. வெளிநாட்டுக் கருவிக்குக் காத்திருந்ததற்கு, இங்கே செய்ய ஆளில்லை என்பது காரணம். ஆள் உருவானதும் அந்தக் காரணம் போச்சு. தினமும் சூரியனைப் படம் எடுத்ததற்கு, சூரியன் மெதுவாக மாறுகிறது என்பது காரணம். அது போகவில்லை.

நிர்வாகவியல் இதை எப்படிப் பார்க்கிறது?

குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1947-ல் மாற்றத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார். உறைந்திருப்பதை முதலில் உருக்கணும், பிறகு நகர்த்தணும், அப்புறம் புது வடிவத்தில் மறுபடி உறைய விடணும். உருக்காமல் வளைத்தால் உடைந்துவிடும்.

பின்னால் வந்த எட்கர் ஷைன் என்ற அறிஞர் இதில் இன்னொன்றைச் சேர்த்தார். ஊழியருக்கு இரண்டு பயம் இருக்கும். மாறாவிட்டால் வேலை போய்விடுமோ என்பது ஒன்று. மாறினால், இத்தனை நாள் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய நான் இனி ஒண்ணும் தெரியாதவன் ஆகிடுவேனோ என்பது இன்னொன்று. பெரும்பாலான நிர்வாகங்கள் முதல் பயத்தைக் கூட்டிக் காரியம் சாதிக்கப் பார்க்கின்றன. இரண்டாவது பயத்தைக் குறைப்பதுதான் நல்ல வழி என்பது ஷைன் சொன்னதன் சாரம்.

கொடைக்கானலில் நடந்தது இந்த இரண்டாவது வழிக்கு நெருக்கமானது. தகட்டைக் கையாளத் தெரிந்தவருக்கும் நிறமாலை பார்க்கத் தெரிந்தவருக்கும் இருந்த திறமை புது வேலையிலும் செல்லுபடியானது. காலைப் படம் தொடர்ந்ததால், இத்தனை ஆண்டு செய்தது வீண் என்று அந்த வேலையைப் பார்த்து யாரும் சொல்ல முடியவில்லை. பழைய வேலைக்கு மரியாதை இருக்கும் இடத்தில் புது வேலைக்குப் போவது அவ்வளவு கஷ்டமில்லை.

இன்னொரு விஷயம், அவகாசம். 1960-ல் பொறுப்பேற்றவர், காவலூரின் முதல் டெலஸ்கோப்பைப் பார்க்க எட்டு ஆண்டுகள் ஆயின. மூன்றே மாதத்தில் எல்லாரும் மாறிடணும் என்று இன்று கெடு வைக்கும் மேலாளர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கடைசிக் கனவும், பாதியில் நின்ற பயணமும்

பாப்புவின் பெரிய கனவு, இந்தியாவிலேயே வடிவமைத்து இந்தியாவிலேயே செய்த ஒரு பெரிய டெலஸ்கோப். அளவு 2.34 மீட்டர். வெளிநாட்டிலிருந்து கண்ணாடி வட்டை மட்டும் வாங்கி, அதைத் தேய்த்து வடிவமாக்கும் நுட்பமான வேலையைப் பெங்களூரில் நிறுவனமே செய்தது. 38 சென்டிமீட்டரில் தொடங்கிய பழக்கம் இங்கே வந்து நின்றது.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார் பாப்பு. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1981-ல் பத்ம பூஷண் விருது. 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் பாத்ரஸ் நகரில் ஒன்றியத்தின் மாநாடு. தலைவர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஆகஸ்ட் 19-ம் தேதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். 55 வயதுதான்.

2.34 மீட்டர் டெலஸ்கோப் அப்போது முடிந்திருக்கவில்லை. தலைவர் போனதும் திட்டம் நின்றுவிட்டால், மாறியது அந்த ஒரு மனிதர் மட்டும்தான் என்று அர்த்தம். அது நிற்கவில்லை. அவர் வளர்த்த ஆட்கள் முடித்தார்கள். 1986 ஜனவரி 6-ம் தேதி அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் அதைத் தொடங்கிவைத்தார். டெலஸ்கோப்புக்கும் காவலூர் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது.

இன்றைக்குக் கொடைக்கானலில்?

கண்ணாடித் தகடும் ஃபிலிமும் போய், டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. படம் எடுக்கும் கருவி மாறியது, படம் எடுப்பது மாறவில்லை. பழைய தகடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சூரியப் படங்களை நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான சூரியனின் நாட்குறிப்பு அது. சூரியச் சுழற்சியை ஆராயும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 1960-ல் யாராவது ஒருவர், இந்தப் பழைய வேலை எதற்கு என்று நிறுத்தியிருந்தால், அதன் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

உங்க அலுவலகத்திலும் இப்போ ஏதாவது மாற்றம் நடந்துகொண்டிருக்கலாம். புது சாஃப்ட்வேர், புது ஷிஃப்ட், இரண்டு கிளைகள் ஒன்றாவது என்று எதுவாகவும் இருக்கலாம். நீங்க மேலாளர் என்றால், விடச் சொல்லும் முன் கையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்க. ஊழியர் என்றால், எந்த வழக்கத்தை விடக் கூடாது என்பதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்க. அது வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது, தினமும் செய்கிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை கொடைக்கானல் போனால், ஏரியோடும் பில்லர் ராக்கோடும் திரும்பிவிடாதீங்க. மேலே அந்த ஆய்வகம் இருக்கிற சாலையிலும் ஒரு நடை போயிட்டு வாங்க. மேகம் இல்லாத காலையாக இருந்தால், அன்றைய படத்தை அங்கே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.